ரோஜாத் தொட்டிகளோடு நான் கொடுத்தனுப்பியது



இந்த மாதம் என் தவறு ஒன்றைச் சொல்லியே ஆரம்பிக்கவேண்டியிருக்கிறது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கு நாட்களில், பெங்களூரில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் பக்கவாட்டிலுள்ள சிறிய இடத்தில் தோட்டம் போடத் தொடங்கினேன். அப்பொழுது ஒரு நர்சரியிலிருந்து ஆறு ரோஜாத் தொட்டிகள் வாங்கினேன். அவற்றில் ஒன்றின் ஓரத்தில், மூன்று இலைகளாய் விரிந்த மெல்லிய செடி ஒன்று கூடவே வந்திருந்தது. என் மனைவி திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர். அதன் காம்பைக் கடித்துப் பார்த்து, "புளிக்கிறது, நம் ஊர்ப் புளியாரைதான்" என்றார். ஊரை விட்டு வந்து முப்பது ஆண்டுகள் ஆன இருவருக்கும் அது ஊரிலிருந்து வந்த விருந்தாளியைப்போல் தோன்றியது. அதைப் பிடுங்காமல் விட்டோம். அடுத்த மழையில் இளஞ்சிவப்புப் பூக்கள் பூத்தன. அழகாகவே இருந்தன. தொட்டியை மாற்றியபோது பழைய மண்ணைப் பாத்தியில் கொட்டி, மண்வெட்டியால் நன்றாய்க் கிளறியும் விட்டேன்.

2021 டிசம்பரில், கிறிஸ்துமஸ் அன்பளிப்பாக எங்கள் சபைக் குடும்பங்களுக்கு ரோஜாப் பதியன்கள் கொடுக்கத் தீர்மானித்தோம். அந்தப் பாத்தி மண்ணையே தொட்டிகளில் நிரப்பி, முப்பத்திரண்டு வீடுகளுக்கு அனுப்பினேன். அந்த மண்ணில் என்ன இருந்தது என்று எனக்கு அப்பொழுது தெரியாது.

2023 ஜூலையில் ஒரு விதவைத் தாயாரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். பகலில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை. வீட்டின் பின்புறம் நாலடி அகலமும் பன்னிரண்டடி நீளமுமான ஒரு துண்டு நிலத்தில் கொத்தமல்லி, வெந்தயக்கீரை, அரைக்கீரை பயிரிட்டு, கட்டுக்கட்டாய் அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்து வருவார். அதில் வரும் பணம் பெரிதல்ல; ஆனால் மகளுடைய பள்ளி வேன் கட்டணம் அதிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. அன்று பார்த்தபோது அந்தப் பாத்தி முழுவதும் பச்சைப் பாய் விரித்ததுபோல் மூன்றிலைச் செடி. கொத்தமல்லி அங்கொன்றும் இங்கொன்றுமாய் வெளிறி நின்றது. ஓரத்தில், நிலத்தில் இறக்கி நட்ட என் ரோஜா.

"எப்பொழுதிலிருந்து இப்படி இருக்கிறது, அம்மா?" என்று கேட்டேன்.

"இரண்டு வருஷமாகப் பிடுங்கிக்கொண்டே இருக்கிறேன், பாஸ்டர் ஐயா. பிடுங்கப் பிடுங்க அதிகமாகிறது."

"ஏன் சொல்லவில்லை?"

அவர் சற்றுநேரம் தலை குனிந்து நின்றார். "நீங்கள் ஆசையாகக் கொடுத்த செடியோடு வந்தது. அதை எப்படி உங்களிடம் சொல்வது?"

அன்றைக்கு நான் ஜெபித்து முடித்து வீடு திரும்பியதைவிட, தலை குனிந்து திரும்பினேன் என்பதே சரி. வேளாண்மைத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு சகோதரரிடம் அந்தச் செடியை வேரோடு எடுத்துக்கொண்டு போனேன். அவர் அதைப் பார்த்த உடனே, "ஐயா, இது புளியாரை அல்ல. புளியாரையின் வெளிநாட்டு உறவு" என்றார். அன்று தொடங்கி நான் கற்றுக்கொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன். சொந்த வீடானாலும் வாடகை வீடானாலும், நாலு தொட்டிகளாவது வைத்திருக்கும் எல்லாருக்கும் இது உதவும்.

முதலாவது, நமது ஊர்ப் புளியாரை எது? அது தரையோடு படர்ந்து, கணுக்கணுவாய் வேர்விட்டு ஓடும் சிறு கொடி. பூ மஞ்சள். வெண்டைக்காயைச் சிறிதாக்கியதுபோல் நிமிர்ந்து நிற்கும் காய். முற்றியபின் விரலால் தொட்டால் வெடித்து விதை தெறிக்கும். பிடுங்கினால் நூல்போன்ற வேர்தான் வரும், கிழங்கு இராது. ஊரில் துவையல் அரைப்பார்கள். இதுவும் தொட்டிகளில் களையாக வரும் என்றாலும், மேலோடு பிடுங்கினால் அடங்கிவிடும்.

நமக்குத் தொல்லை கொடுப்பது வேறு. அதன் தாவரவியல் பெயர் ஆக்ஸாலிஸ் லாட்டிஃபோலியா. மெக்ஸிகோ முதல் தென் அமெரிக்காவின் வெப்பப் பகுதிகள் வரை அதன் சொந்த நாடு. அலங்காரச் செடியாகவே பல தேசங்களுக்கும் கொண்டுபோகப்பட்டு, வேலி தாண்டி வயல்களுக்குள் புகுந்தது. நமது நாட்டில் மலைப்பிரதேசத் தோட்டங்களிலும், பெங்களூர்போன்ற மிதமான குளிர்ச்சியுள்ள நகரங்களிலும் அது தாராளமாய்க் காணப்படுகிறது. தமிழில் அதற்கு வழங்கும் பெயர் ஒன்றும் எங்கள் வட்டாரத்தில் இல்லாதபடியால், நாங்கள் அதைக் குமிழ்ப் புளியாரை என்றே அழைத்துக்கொள்கிறோம்.

அதற்குத் தரைக்கு மேலே தண்டே கிடையாது. இலைக்காம்புகளும் பூக்காம்புகளும் நேரே மண்ணுக்குள்ளிருந்து தனித்தனியாய் எழும்பி வரும். ஒவ்வொரு காம்பின் நுனியிலும் மூன்று இலைகள். ஒவ்வொன்றும் அகன்ற முக்கோணமாய், நுனியில் ஆழமில்லாத பிளவோடு, மீனின் வாலைப்போல் இருக்கும். பூ ஐந்து இதழ்களுடன் இளஞ்சிவப்பு அல்லது வெளிர் ஊதா. உட்புறம் பச்சைச் சாயல். இருட்டியபின் விளக்கடித்துப் பார்த்தால், மூன்று இலைகளும் குடையை மடக்கியதுபோல் கீழ்நோக்கி மடிந்திருக்கும். பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் மிகவும் ரசிப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படியே ரசித்தோம்.

ஆனால் மேலே காண்பதைக்கொண்டு மட்டும் முடிவு செய்யக்கூடாது. ஒரு பழைய தேக்கரண்டியாலோ, சிறு கொத்தாலோ செடியைச் சுற்றி மண்ணை நெகிழ்த்தி, கட்டியாய் அப்படியே தூக்கவேண்டும். உள்ளே, செதில் செதிலாய் உரிகிற, சின்ன வெங்காயத்திலும் சிறிய ஒரு குமிழ் இருக்கும். அதற்குக் கீழே பிஞ்சு முள்ளங்கியைப்போல் வெண்மையான, நீர் நிறைந்த தடித்த வேர் ஒன்று இறங்கியிருக்கலாம். குமிழிலிருந்து நாலாபுறமும் வெள்ளை நூல்போன்ற தண்டுகள் ஓட, ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு சிறு குமிழ் இருக்கும். ஒரே செடியைச் சுற்றி நான் எண்ணியவை இருபத்துமூன்று. அவற்றில் சில கடுகைவிடச் சற்றுப் பெரியவை; அவ்வளவுதான்.

இதே இனத்தில் இன்னொன்றும் நமது தோட்டங்களில் உண்டு. அதற்கு இலைகள் வட்டமாய், நடுவில் ஆழமான பிளவோடு இருக்கும். இலையின் அடிப்புறத்து ஓரங்களில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தென்படும். அதன் சிறு குமிழ்கள் நூலில் ஓடாமல், தாய்க் குமிழைச் சுற்றிக் கொத்தாய் ஒட்டிக்கொண்டிருக்கும், தொட்டவுடன் உதிர்ந்துவிடும். பெயர் ஆக்ஸாலிஸ் டெபிலிஸ். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றே. ஆனால் இரண்டாவதை எடுக்கும்போது இன்னும் அதிக ஜாக்கிரதை வேண்டும்.

அந்தத் தாயார் இரண்டு வருஷமாகப் பிடுங்கியும் ஏன் குறையவில்லை என்பது இப்பொழுது விளங்கும். காம்பைப் பிடித்து இழுத்தால் காம்பு அறுந்து கையோடு வரும். குமிழ் உள்ளேயே இருக்கும். குமிழ் சேர்ந்து வந்தாலும், நூலில் தொங்கிய சிறு குமிழ்கள் மண்ணில் உதிரும். தாய் போனபின் அவை ஒவ்வொன்றும் தனிச் செடியாகும். மண்வெட்டியால் கிளறுவது இதைவிட மோசம். ஒரு மூலையில் இருந்ததை நாமே பாத்தி முழுவதும் விதைத்துவிடுகிறோம். நான் என் தோட்டத்தில் செய்தது அதுவே. இந்தச் செடி நம் தோட்டங்களில் விதையைக்கொண்டு அல்ல, பெரும்பாலும் இந்தக் குமிழ்களைக்கொண்டே பரவுகிறது. அதாவது, பறவையும் காற்றும் இதைக் கொண்டுபோகிறதில்லை. மண்வெட்டியும், தொட்டியும், ஒரு டிராக்டர் செம்மண்ணும், நம்முடைய அன்பளிப்புகளுமே கொண்டுபோகின்றன.

நம்மைப்போல் ஊர் விட்டு வந்தவர்களுக்கு இதில் தனிப் பங்கு உண்டு. பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்து வீடு மாற்றும்போது, கட்டில் பீரோவோடு தொட்டிகளையும் டெம்போவில் ஏற்றுகிறோம். புதிய வீட்டுக்காரருடைய தோட்ட ஓரத்தில் அவற்றை இறக்கி, பழைய மண்ணை அங்கே தட்டிவிட்டுப் புது மண் போடுகிறோம். வீட்டுக்காரர் நம்மைப்பற்றி என்ன நினைப்பார் என்பது இருக்கட்டும். அவருடைய மண் நாம் போனபின்பும் அவரிடத்தில்தான் இருக்கிறது.

இனி அந்த நாலடி பன்னிரண்டடிப் பாத்தியில் நாங்கள் செய்ததைச் சொல்லுகிறேன். முதலில் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இதற்கு அவர் மிகவும் சங்கடப்பட்டார். பிறகு ஒரு சனிக்கிழமை நானும் இரண்டு வாலிபர்களும் போனோம்.

மண்வெட்டியைத் தொடவில்லை. முந்தின நாள் பெய்த மழையில் மண் ஈரமாய் இருந்தது, அது நல்லதாயிற்று. முள்கரண்டிபோன்ற தோட்டக் கருவியால் ஓரத்திலிருந்து மண்ணை நெகிழ்த்தி, செடியைக் கட்டியோடு தூக்கி, விரித்த சாக்கின்மேல் வைத்து உடைத்தோம். பெரும்பாலான குமிழ்கள் மேல்மண்ணில் ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே கிடந்தன. முதலில் கட்டட வேலைக்கு மணல் சலிக்கிற சல்லடையைக் கொண்டுபோயிருந்தோம். பெரிய குமிழ்கள் மேலே நின்றன. சிறியவையெல்லாம் அதன் கண்களின் வழியாய்க் கீழே போய்விட்டன. அரை நாள் உழைப்பு வீண். மறுவாரம் மண்ணை நிழலில் உலரவிட்டு, அதைவிட நெருக்கமான கம்பி வலையால் சலித்தோம். ஈரத்தில் தோண்டவேண்டும், உலர்ந்தபின் சலிக்கவேண்டும் என்ற இந்த ஒழுங்கைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு இரண்டு சனிக்கிழமைகள் ஆயின.

எடுத்த குமிழ்களை என்ன செய்வது? உரக்குழியில் போடக்கூடாது. வீட்டு உரக்குழியின் சூடு இவற்றைக் கொல்லப் போதாது. அடுத்த வருஷம் எருவோடு சேர்த்து நாமே பாத்திக்குப் போடுவோம். நாங்கள் மொட்டைமாடியின் சிமெண்ட் தரையில் பரப்பி, சுருங்கி உமியாகும்வரை வெயிலில் காயவைத்தோம். மழைக்காலத்தில் அது நடவாதபோது, ஒரு பழைய பெயிண்ட் வாளியில் தண்ணீர் ஊற்றி, அதில் போட்டு, பல வாரங்கள் அழுகவிட்டோம். வாளிக்கு மூடி அவசியம். திறந்த வாளி டெங்கு கொசுவுக்கு வீடாகிவிடும். களையை ஒழிக்கப்போய்க் காய்ச்சலை வாங்கக்கூடாது.

அந்த வருஷம் பாத்தியை வெறுமையாய் விட்டோம். முளைத்து வரும் ஒவ்வொன்றையும், நாலைந்து இலை விடுவதற்கு முன்பே, வாரத்துக்கு ஒருமுறை சிறு கத்தியால் குமிழோடு தோண்டி எடுப்பது என்று ஏற்பாடு. இதன் நியாயம் இதுதான்: குமிழில் சேர்த்துவைத்த சத்தைச் செலவிட்டே இலை வெளியே வருகிறது. இலை விரிந்து வெயிலை வாங்கத் தொடங்கியபின்தான் அந்தச் செலவை ஈடுகட்டி, புதிய குமிழ்களையும் கட்டுகிறது. அந்த இடைப்பட்ட நாட்களில் வெட்டினால் அதற்கு நஷ்டம். பூக்கும்வரை விட்டால் நமக்கு நஷ்டம். குமிழ் வராமல் இலைமட்டும் அறுந்தாலும் வீணல்ல. மறுபடியும் மறுபடியும் இலை எடுக்கும்போது அது மெலிந்துபோகிறது. ஆனால் ஒரு மழை மாதம் மறந்துபோனால், ஆறு மாத வேலையும் போயிற்று. 2023 அக்டோபரில் மகளுக்குச் சுகவீனமானபடியால் அவர் மூன்று வாரம் பாத்திப் பக்கம் போகவில்லை. போய்ப் பார்த்தபோது பூ இருந்தது.

2024ஆம் ஆண்டு மார்ச்சில் கண்ணாடிபோன்ற தெளிவான பாலிதீன் விரிப்பு வாங்கிப் பாத்தியை மூடினோம். கறுப்பு விரிப்பு வேறு, இது வேறு. கறுப்பு விரிப்பு வெளிச்சத்தைத் தடுத்துச் செடியைப் பட்டினி போடும்; அதற்குப் பல மாதங்கள், சிலவேளை ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். தெளிவான விரிப்போ வெயிலை உள்ளே விட்டு, சூட்டை வெளியே விடாமல் மண்ணையே வேகவைக்கும். அதற்கு மண் நன்றாய் நனைந்திருக்கவேண்டும். ஈர மண்ணில்தான் சூடு ஆழமாய் இறங்கும். விரிப்பின் ஓரங்களை மண்ணில் புதைத்து, காற்றுப் புகாமல் இறுக்கி, கடும் கோடையில் நாலு முதல் ஆறு வாரம் விடவேண்டும்.

நனைக்கத் தண்ணீருக்கு எங்கே போவது? அந்த மாதத்தில் பெங்களூரில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, நகரம் தவித்துக்கொண்டிருந்தது. குடிநீரைத் தோட்டத்துக்கும் வாகனம் கழுவவும் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்திருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் அரிசி கழுவின தண்ணீரையும் துணி அலசின தண்ணீரையும் குடங்களில் கொண்டுவந்து கொடுத்தார்கள். யாருடைய கீரையை வாங்கிச் சாப்பிட்டார்களோ, அவருடைய பாத்திக்கு அவர்களே தண்ணீர் சுமந்தார்கள். ஏப்ரல் கடைசியில் நகரத்தின் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. எல்லாரும் வெயிலைச் சபித்த அந்த நாட்களில், அந்தத் தாயார் ஒருவர்தான் வெயிலுக்காக ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜூனில் விரிப்பை எடுத்தோம். நடுப்பாத்தி சுத்தம். ஆனால் மதில் நிழல் விழும் ஓரத்திலும், விரிப்பின் விளிம்புகளிலும் பச்சை தலைகாட்டியது. ஆழத்தில் கிடந்தவை சிலவும் பிழைத்துக்கொண்டன. சென்னையிலோ ஹைதராபாத்திலோ இருக்கிறவர்களுக்குக் கோடை வெயில் இன்னும் கடுமையாய் இருப்பதால் இதைவிட நல்ல பலன் கிடைக்கலாம். எங்கும் இது ஒன்றே போதும் என்று நம்பிவிடக்கூடாது.

அதன்பின் அவர் அந்த இடத்தில் கீரை விதைக்கவில்லை. இது முக்கியமான காரியம். கொத்தமல்லி நெருக்கமாய் முளைக்கும்போது, நடுவில் வரும் களையைக் கத்தியால் எடுக்க இடமிராது. எடுத்தால் பயிரும் சேர்ந்து வரும். ஆகவே கத்தரியும் மிளகாயும் இடைவெளி விட்டு நட்டு, இடையே வைக்கோல் பரப்பினோம். வைக்கோலை ஊடுருவி வருகிறது களைதான் என்று பார்த்தவுடன் தெரியும். கொத்தமல்லியை வளர்ப்புப் பைகளில், தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து, தோட்டத்து மண் ஒரு பிடிகூடச் சேர்க்காமல் தனியே விதைத்தார். வேன் கட்டணம் பாதியளவு மறுபடியும் வரத் தொடங்கியது.

மருந்து அடித்தால் ஒரே நாளில் முடியாதா என்று பலர் கேட்கிறார்கள். கிளைஃபோசேட் என்னும் களைக்கொல்லியைக் கடைக்காரர்கள் எடுத்துக் காட்டக்கூடும். அது பட்ட பச்சை இலை எதுவானாலும் வாடும். ரோஜாவுக்கும் கீரைக்கும் விலக்கு இல்லை. அப்பொழுது உறங்கிக்கொண்டிருக்கும் குமிழ்களையோ, தாயிடமிருந்து பிரிந்துவிட்டவற்றையோ அது தொடாது. மேலும், 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மூலமாய் அல்லாமல் அதை யாரும் பயன்படுத்தலாகாது என்று ஆணை வெளியிட்டது. சாப்பிடும் கீரை வளரும் நாலடி இடத்துக்கு அது தேவையில்லை என்பதே என் தீர்மானம். உப்பைக் கொட்டச் சொல்லுகிறவர்களும் உண்டு. உப்பு, களையைக் கொல்லுமுன் மண்ணைக் கெடுக்கும். வினிகர் இலையைமட்டும் கருக்கும். சிமெண்ட் வெடிப்புகளிலும் நடைபாதைக் கல் இடுக்குகளிலும் வருவதற்குக் கொதிக்கும் தண்ணீரைத் திரும்பத் திரும்ப ஊற்றலாம். அங்கே காப்பாற்றவேண்டிய பயிர் ஒன்றுமில்லை.

பிள்ளைகள் இதன் காம்பை ஒன்றிரண்டு கடித்தால் பயப்படவேண்டாம். அந்தப் புளிப்பு ஆக்ஸாலிக் அமிலத்தால் வருவது. கீரைபோல் சமைத்து அதிகமாய்ச் சாப்பிடுவது நல்லதல்ல. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் அறவே தவிர்க்கவேண்டும். பிடுங்கினதை ஆட்டுக்கும் முயலுக்கும் கூடை கூடையாய்ப் போடுவதும் கூடாது.

கிழங்கால் பரவும் வேறு செடிகளோடு இதைக் குழப்பிக்கொள்வதுண்டு. கோரை நம் எல்லாருக்கும் தெரியும். அதன் தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் மூன்று முனை தட்டுப்படும். கறுத்த, வாசனையுள்ள கிழங்குகள் கம்பிபோன்ற வேர்த்தண்டில் சங்கிலியாய்க் கோர்த்திருக்கும். நாட்டு மருந்துக் கடையில் முத்தக்காசு என்றும், குளியல் பொடியில் கோரைக்கிழங்கு என்றும் காசு கொடுத்து வாங்குகிறோம்; அதே கோரை, 1977இல் வெளிவந்த உலகின் மோசமான களைகளைப்பற்றிய ஆங்கில நூலில் முதலிடம் பெற்றிருக்கிறது! அதன் முளை ஊசிபோல் கூராயிருப்பதால் பாலிதீன் விரிப்பையே குத்திக்கொண்டு வெளியே வரும். ஆனால் அதற்கு நிழல் ஆகாது. கோரை மண்டிய இடத்தில் காராமணியையோ சர்க்கரைவள்ளியையோ நெருக்கமாய்ப் படரவிட்டால் அது வெகுவாய் அடங்கும்.

மழை பெய்த மூன்றாம் நாளில் வெள்ளையாகவும் இளஞ்சிவப்பாகவும் பூக்கும் மழை லில்லியும் குமிழ்ச் செடியே. பெருகினாலும் பொதுவாய்த் தொல்லை தராது. ஒரேயொரு எச்சரிக்கை: அதன் இலை வெங்காயத்தாளைப்போலும், குமிழ் சின்ன வெங்காயத்தைப்போலும் இருக்கும், ஆனால் நஞ்சுள்ளது. கசக்கி முகர்ந்து, வெங்காய வாசனை இல்லாவிட்டால் சமையலறைக்குள் கொண்டுவரவேண்டாம். நர்சரிகளில் இப்பொழுது கருஊதா நிறத்தில், வண்ணத்துப்பூச்சி அமர்ந்ததுபோல் இலையுள்ள செடி விற்கிறார்கள். அதுவும் புளியாரைக் குடும்பமே. பிடித்திருந்தால் வளருங்கள், ஆனால் தொட்டியோடு நிற்கட்டும். அடியில் தட்டு வைக்கட்டும்.

லால்பாக் மலர்க் கண்காட்சிக்கு ஜனவரியிலும் ஆகஸ்டிலும் குடும்பமாய்ப் போகிறவர்கள் நம்மில் அநேகர். எங்கிருந்து தொட்டி வாங்கினாலும், வீட்டுக்கு வந்தவுடன் மற்றவற்றோடு சேர்க்காமல், சிமெண்ட் தரையில் ஒரு மாதமாவது தனியே வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கூடவே வந்தது எதுவானாலும் அதற்குள் தலைநீட்டும். சந்தேகமான செடியை வேரோடு செய்தித்தாளில் சுற்றி எடுத்துப்போய்க் கேட்க, வேளாண் பல்கலைக்கழகத்தின் காந்தி கிருஷி விஞ்ஞான கேந்திர வளாகத்தில் நவம்பர் மாதம் நடக்கும் கிருஷி மேளா நல்ல இடம். நான் போனேன், கூட்டத்தில் கால் வலித்தது, ஆனால் தெளிவான பதில் கிடைத்தது.

மற்ற முப்பத்தொரு வீடுகளுக்கும் போனேன். சிலர் வேறு ஊருக்கு மாறிவிட்டிருந்தார்கள். சில தொட்டிகள் எப்பொழுதோ காய்ந்து போயிருந்தன. பதினோரு வீடுகளில் மீன்வால் இலை இருந்தது. ஒரு சகோதரர், "களைகளை அறுப்பு வரைக்கும் விட்டுவைக்கவேண்டும் என்று நீங்கள்தானே பிரசங்கித்தீர்கள்?" என்று கேட்டுச் சிரித்தார். அது கோதுமை வயலைப்பற்றியது, தம்பி, கொத்தமல்லிப் பாத்தியைப்பற்றியது அல்ல என்று சொல்லி, அவரிடமும் கத்தியைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். தொட்டி மண்ணைச் சீர்ப்படுத்துவது பாத்தியைவிட எளிது. செடியை வெளியே எடுத்து, வேரைத் தண்ணீரில் அலசி, புது மண்ணில் நடவேண்டும். பழைய மண்ணைக் கறுப்புப் பையில் கட்டி, கோடை முழுவதும் மாடியில் வெயிலில் போடவேண்டும். என் தோட்டமோ இன்னும் சுத்தமாகவில்லை. நானே கிளறிப் பரப்பியது, சீக்கிரம் போகாது.

2025 ஜூனில் அந்தத் தாயார் பாத்தியின் பாதியில் மறுபடியும் கொத்தமல்லி விதைத்தார். வாரத்துக்கு இரண்டோ மூன்றோ முளைகள் இன்னும் வருகின்றன. காலையில் வேலைக்குப் புறப்படுமுன் பார்த்து எடுத்துவிடுகிறார். அதே மாதத்தில் அவருடைய ரோஜா பட்டுப்போயிற்று. "இன்னொரு பதியன் கொடுப்பீர்களா, பாஸ்டர் ஐயா?" என்று கேட்டார். நான் தயங்கினேன். "மண் வேண்டாம், செடிமட்டும் போதும்" என்றார்.

ஆகவே ஒரு பதியனை எடுத்து, மண் எல்லாம் போகும்வரை வேரை மூன்று வாளித் தண்ணீரில் அலசி, ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுபோனேன். புறப்படுமுன் முதல் வாளியின் தண்ணீரை மெதுவாய்ச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் கடுகளவாய் நாலு குமிழ்கள் கிடந்தன.